மாதம், நாள், மணி: சென்னைப் பயணத்துக்கு மூன்று முடிவுகள்

(மாவட்ட நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சென்னைக்கு எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?" இதுதான் இன்றைய தலைப்பு. ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஜனவரி, பிப்ரவரி. நன்றி, வணக்கம்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல இருந்து சென்னைக்குப் போறவங்கள்ல எத்தனை பேர் மாதத்தைத் தாங்களே முடிவு செய்கிறார்கள்? மறுபரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்பதை மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். போட்டித் தேர்வுக்கு ஹால் டிக்கெட்டில் தேதி வந்துவிடுகிறது. கல்யாணத் தேதியை இரண்டு வீட்டாரும் ஜோசியரும் சேர்ந்து குறித்துவிடுகிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைதான் கணக்கு. அது வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதம், இல்லையென்றால் மழைக்காலத்துக்கு நடுவே வரும் தீபாவளி, இல்லையென்றால் டிசம்பர் கடைசி.

அதனால் இன்றைக்கு இரண்டு பேருக்காகவும் பேசப் போகிறேன். தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் ஒரு பக்கம், தேதி ஏற்கெனவே முடிவாகிவிட்டவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகையினருக்குத்தான் நஷ்டம் அதிகம். தவறவிட்ட ஒரு தேர்வு மறு வருஷம்தான் வரும். தவறவிட்ட சிகிச்சைத் தேதிக்கு மறுபடியும் முன்பதிவு, மறுபடியும் விடுப்பு, மறுபடியும் செலவு.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். ஒரு சென்னைப் பயணத்தில் வானிலையை வைத்து எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்று. எந்த மாதம், எந்த நாள், எந்த மணி. மூன்றுக்கும் பார்க்க வேண்டிய தகவல் வேறு வேறு. நாம் என்ன செய்கிறோம் என்றால், நவம்பர் 20-ம் தேதி மழை பெய்யுமா என்று செப்டம்பரிலேயே செல்போன் ஆப்பில் தேடுகிறோம். கிளம்புகிற அன்றைக்குக் காலையிலோ எதையும் பார்க்காமல் பெட்டியைத் தூக்குகிறோம். இரண்டுமே தலைகீழ்.

முதல் முடிவு: மாதம்

ரயில் டிக்கெட் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாட்களாக இருந்தது. நவம்பர் 20-ம் தேதி ரயிலுக்குச் செப்டம்பர் 21-ம் தேதியே டிக்கெட் எடுக்கலாம். அந்த நேரத்தில் நவம்பர் 20 அன்று மழையா வெயிலா என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. சில ஆப்கள் ஒன்றரை மாதத்துக்கு நாள்வாரியாக மேகப் படமும் குடைப் படமும் போட்டுக் காட்டும். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். அந்தக் கட்டத்தில் நம்பக்கூடியது பருவக் கணக்கு மட்டும்தான்.

சென்னையின் பருவக் கணக்கு இந்தியாவின் பெரும்பகுதிக்கு நேர் எதிர். மும்பைக்கும் கேரளாவுக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அது தென்மேற்குப் பருவமழை. அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சென்னைக்கு மிச்சம்தான் கிடைக்கும். சென்னையின் பெரிய மழைக்காலம் வடகிழக்குப் பருவமழை. சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். நகரத்துக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் என்றால், அதில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில்தான். அதிலும் நவம்பர்தான் உச்சம்.

வெளிமாநில உறவினர்கள் "மழைக்காலம் முடிஞ்சிருச்சே, நவம்பர்ல வரோம்" என்று போன் செய்தால், தயவுசெய்து இதைச் சொல்லிவிடுங்கள். அவங்க ஊர்ல முடியும்போதுதான் நமக்கு ஆரம்பம்.

இப்போது வருடத்தை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. காலையில் 21, 22 டிகிரி, மதியம் 30 டிகிரியை ஒட்டி. குழந்தைகள், பெரியவர்களோடு சுற்றிப் பார்க்க இதுதான் நேரம். சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில்தான். வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருக்கும். பழவேற்காட்டில் பூநாரைகளைப் பார்க்கலாம். இரண்டு சின்ன எச்சரிக்கைகள் மட்டும். போகி அன்று அதிகாலையில் பனியும் புகையும் சேர்ந்து விமானங்கள் தாமதமான வருடங்கள் உண்டு. காணும் பொங்கல் அன்று மெரினாவில் நிற்க இடம் கிடைக்காது. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

மார்ச் நடுவிலிருந்து ஜூன் வரை வெயில். மே மாதத்தில் ஏறத்தாழ நான்கிலிருந்து 28-ம் தேதி வரை அக்னி நட்சத்திரம். "அது முடிஞ்சா வெயில் குறைஞ்சிடும்" என்று நம்பி ஜூன் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இதைக் கேளுங்கள். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு. காரணம் கடல்காற்று. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருந்தால், மதியம் கடலிலிருந்து வர வேண்டிய காற்று நகருக்குள் நுழையத் தாமதமாகும். அன்றைக்கு வெயில் ஏறிக்கொண்டே போகும். ஜூனிலும் இது நடக்கும்.

ஜூலை முதல் அக்டோபர் நடு வரை. பலரும் கணக்கில் எடுக்காத காலம் இது. பகலில் வெயில் இருக்கும், புழுக்கம் இருக்கும். மழை வந்தால் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ இடியோடு வந்து கொஞ்ச நேரத்தில் போய்விடும். கூட்டமும் குறைவு. தேதியைக் கொஞ்சம் நகர்த்த முடிகிறவர்களுக்கு நவம்பரை விட ஆகஸ்ட், செப்டம்பர் பாதுகாப்பு. உதாரணமாக, அவசரமில்லாத ஒரு சிகிச்சைக்கு "அக்டோபர்லயா, டிசம்பர்லயா, எப்ப வர்றீங்க?" என்று மருத்துவமனையில் கேட்டால், "அக்டோபர் முதல் வாரம் கிடைக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. இந்த மூன்று மாதமும் தினமும் மழை என்று நினைக்க வேண்டாம். மூன்று நாள் கொட்டும், ஒரு வாரம் வெயில் அடிக்கும். டிசம்பர் நடுவில் தொடங்கும் மார்கழி இசை விழாவுக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், நன்றாகவே கேட்டுவிட்டுப் போகிறார்கள். சிக்கல் அந்த மூன்று நாளில் நம் தேதி மாட்டிக்கொள்வதுதான். அதற்குத்தான் அடுத்த முடிவு.

இரண்டாவது முடிவு: நாள்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து வானிலை அறிக்கையைப் பார்க்கத் தொடங்குங்கள். அதற்கு முன் பார்த்துக் கவலைப்படுவதில் பயனில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் தொடங்கிய வானாய்வகம் இருந்த இடத்தில்தான் இன்றைக்கு மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. அந்த மையம் அடுத்து வரும் நாட்களுக்கு மாவட்ட வாரியாக எச்சரிக்கை தருகிறது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' ஆப், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' ஆப், தமிழ்நாடு அரசின் 'டி.என். அலர்ட்' ஆப், மூன்றும் இலவசம். மூன்றும் வேண்டும் என்பதில்லை. ஒன்றை இறக்கி வைத்து, அறிவிப்புகளுக்கு அனுமதி கொடுத்து வைத்தால் போதும்.

அறிக்கையைப் படிக்க நான்கு சொற்கள் தெரிந்தால் போதும்.

கனமழை என்றால் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர். மிக கனமழை 12 முதல் 20. அதி கனமழை 20-க்கு மேல். டிவியில் மூன்றையும் ஒரே வேகத்தில் வாசிப்பார்கள். நம் காதில் மூன்றும் "கனமழை" என்றுதான் விழும். ஆனா மூணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. முதலாவதற்குக் குடையும் கூடுதல் ஒரு மணி நேரமும் போதும். மூன்றாவதற்குப் பயணத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

நான்காவது சொல், 'ஓரிரு இடங்களில்'. "ஓரிரு இடங்களில் கனமழை" என்றால் மாவட்டத்தில் எங்கோ சில இடங்களில் மட்டும். "பெரும்பாலான இடங்களில்" என்றால் அநேகமாக நீங்கள் போகும் இடமும் அதில் அடக்கம்.

நிறங்களையும் அப்படியே படிக்கலாம். பச்சை, எச்சரிக்கை இல்லை. மஞ்சள், நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு, தயாராக இருங்கள். சிவப்பு, நடவடிக்கை எடுங்கள். பயணத்துக்கு இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம். மஞ்சள் என்றால் கிளம்பலாம், காலையில் மறுபடி பாருங்கள். ஆரஞ்சு என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர முடியுமா என்று யோசியுங்கள். சிவப்பு என்றால் முதலில் போன் செய்யுங்கள். மருத்துவமனைக்கு, தேர்வு உதவி எண்ணுக்கு, தங்கும் விடுதிக்கு. தேதி மாறியிருக்கிறதா என்று கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

இங்கே மூன்று வருடங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்த மூன்று பாடங்கள் உண்டு.

2015 டிசம்பர் 1, 2. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அன்றைக்குப் புயல் எதுவும் இல்லை. விமான நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து சில நாட்கள் மூடப்பட்டது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினார்கள். பாடம்: "புயல் இல்லைல, அப்ப சரி" என்று கிளம்பக் கூடாது. புயலின் பெயரைத் தேடாதீர்கள், மழையின் அளவைப் பாருங்கள்.

2023 டிசம்பர் தொடக்கம். மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, டிசம்பர் 5 அன்று. ஆனால் சென்னை மூழ்கியது அதற்கு முன் இரண்டு நாட்களில், புயல் கடலோரமாகக் கடந்து போகும்போதே. பாடம்: புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்பது வேறு, மழை எங்கே கொட்டுகிறது என்பது வேறு.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சென்னை விமான நிலையம் அன்றைக்கு மூடப்பட்டது. இரண்டு நாள் கழித்துச் சென்னையில் மழை விட்டிருந்தது. ஆனால் விக்கிரவாண்டி பக்கம் ரயில் பாலத்தில் வெள்ளம் உயர்ந்ததால் தென்மாவட்ட ரயில்கள் பாதிக்கப்பட்டன. பாடம்: சென்னை நிலவரத்தை மட்டும் பார்த்தால் போதாது. வழியில் இருக்கிற விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் நிறத்தையும் பாருங்கள்.

டிக்கெட் பணம் என்ன ஆகும்?

இது பலரும் கேட்கும் கேள்வி. ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால், ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகவே கணக்குக்குத் திரும்பும். கவுன்ட்டரில் எடுத்தவர்கள் கவுன்ட்டரில் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். அவசரப்பட்டு நாமே முதலில் ரத்து செய்தால் பிடித்தம் போகத்தான் கிடைக்கும். அதனால் 139-ல் நிலவரம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ரயில் ரத்தாகவில்லை, ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், ஆன்லைன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் பயணம் செய்யாமல், ரயில் நம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். பதிவு செய்தால் முழுப் பணம் கேட்கலாம். நவம்பரில் விடுதி அறை எடுப்பவர்கள், இருநூறு ரூபாய் கூடுதல் ஆனாலும், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்து எடுங்கள்.

மூன்றாவது முடிவு: மணி

சென்னைக்கு வந்து இறங்கியாச்சு. இப்போது முக்கியம் அடுத்த மூன்று மணி நேரம். வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கான குறுகிய கால அறிவிப்பையும் வெளியிடுகிறது. "காலை 10 மணி வரை சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு" என்று பார்த்திருப்பீர்கள். விடுதியிலிருந்து கிளம்பும் முன் அதை ஒருமுறை பார்க்கிற பழக்கம் வேண்டும். காலை 10 மணிக்கு வர வேண்டிய இடத்துக்கு 7 மணிக்கே போய்விடலாமா என்று அது சொல்லிவிடும்.

மழை நாளில் மூன்று விதிகள். ஒன்று, சுரங்கப்பாதை வேண்டாம். ஆட்டோ ஓட்டுநர் "போயிடலாம் சார்" என்றாலும், தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதைக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆழம் வெளியிலிருந்து தெரியாது. இரண்டு, மெட்ரோ போகிற இடத்துக்கு மெட்ரோவில் போங்கள். விமான நிலையம், சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு எல்லாம் மெட்ரோவில் இணைந்திருக்கின்றன. சென்ட்ரலில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை எதிரிலேயே. தென்மாவட்டப் பேருந்தில் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவர்கள், அங்கிருந்து நகருக்குள் வருவதற்கு மழை நாளில் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். மூன்று, தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மின்கம்பி, திறந்த சாக்கடை, எலிக்காய்ச்சல், மூன்றும் அதில் இருக்கலாம்.

வெயில் நாளில் மணிக்கணக்கு இன்னும் எளிது. காலை 6 முதல் 10, மாலை 4-க்கு மேல், இதுதான் வெளியில் சுற்றும் நேரம். நடுவில் எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் என்று கூரைக்குக் கீழே இருங்கள். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். கோயில்கள் பெரும்பாலும் மதியம் நடை சாத்திவிடும். திறந்திருந்தாலும் பிரகாரக் கல்லில் வெறுங்காலில் நிற்க முடியாது. கடலோர ஊர் என்பதால் வியர்வை சீக்கிரம் காயாது. அதனால்தான் அதே டிகிரி வெயில் மதுரையை விட இங்கே அதிகமாகத் தெரியும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கடற்கரைக்குப் போகலாம், காற்று வாங்கலாம். ஆனால் அலையில் இறங்க வேண்டாம். மெரினாவில் இழுப்பு அதிகம். எந்த மாதமாக இருந்தாலும் இது பொருந்தும்.

நோயாளியோடு போகிறவர்களுக்கு

கடைசியாக, தேதியை மாற்ற முடியாதவர்களுக்கு ஐந்து விஷயம்.

முதலாவது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறீர்கள் என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். ஒரு இரவு தங்கும் செலவு, தவறிய தேதியின் செலவை விடக் குறைவு.

இரண்டாவது, மாத்திரையைக் கூடுதலாக மூன்று நாளுக்கு எடுத்துச் செல்லுங்கள். ரயில் நின்றால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை நிற்கக் கூடாது.

மூன்றாவது, மருத்துவச் சீட்டு, ஹால் டிக்கெட், ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் போனிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள். அசல் தாள்கள் பிளாஸ்டிக் உறைக்குள்.

நான்காவது, பவர் பேங்க். மழையில் மின்சாரம் போனால் ஆப்பும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

ஐந்தாவது, இந்த எண்களைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. சென்னை மாநகராட்சி 1913. ஆம்புலன்ஸ் 108. அவசர உதவி 112. சார்ஜ் தீர்ந்த போனில் சேமித்த எண்ணைப் பார்க்க முடியாது. காகிதம் இருந்தால் பக்கத்தில் நிற்பவர் போனை வாங்கிப் பேசிவிடலாம்.

இன்னொரு வேண்டுகோள். மழை நேரத்தில் வாட்ஸ்அப்பில் "சென்னைக்கு யாரும் போகாதீங்க" என்று பழைய வீடியோ வரும். "ஒண்ணும் இல்ல, தைரியமா வாங்க" என்றும் வரும். இரண்டையும் அடுத்தவருக்கு அனுப்பும் முன், அன்றைய மாவட்ட எச்சரிக்கையின் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். தேதி தெரிகிற மாதிரி எடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் காலண்டரை எடுத்துப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள் சென்னைத் தேதி இருக்கிறதா? இருந்தால், அதற்கு ஏழு நாள் முன்னால் வரும் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். "இன்று முதல் வானிலை பார்க்க வேண்டும்" என்று பக்கத்தில் எழுதுங்கள். பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது அந்த ஏழு நாளும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி இருந்தா கேளுங்க.